கட்டாய உழைப்புத் தடுப்புக் கொள்கை: நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் வெளிநாட்டு பையர்களுக்கு (வாங்கும் பிராண்டுகளுக்கு) நூலும் ஆடையும் செய்து தரும் நிறுவனங்களின் உரிமையாளர்கள், மனிதவளப் பிரிவினர், ஜாப் ஒர்க் யூனிட் (கம்பெனிகளுக்கு வெளிவேலை செய்து தரும் பட்டறை) நடத்துவோர் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை.

நாங்கள் யாரையும் பூட்டி வைத்து வேலை வாங்கவில்லை. எங்களுக்கு எதற்கு இப்படி ஒரு கொள்கை?

பூட்டி வைத்தால்தான் கட்டாய உழைப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ஆம் உடன்படிக்கை (1930) இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறது. ஆள் தானாக விரும்பி வேலைக்கு வந்தாரா? விட்டுப் போனால் ஏதாவது தண்டனை வரும் என்ற பயத்தில் இருக்கிறாரா? தண்டனை என்றால் அடி உதை மட்டுமல்ல. பிடித்து வைத்த பணம் போய்விடும், ஏஜென்ட் ஊரில் வீட்டு வாசலில் வந்து நிற்பார், வாங்கிய அட்வான்ஸை மொத்தமாக எண்ணி வைக்கச் சொல்வார்கள் என்ற பயங்களும் அதில் அடங்கும். இந்த உடன்படிக்கையை இந்தியா 1954-இல் ஏற்றது.

நம் நாட்டில் வரையறை இன்னும் அகலம். டெல்லி ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று சொல்லிவிட்டது. வறுமையின் நெருக்கடியும் ஒருவகைக் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் வாதம்.

உங்கள் நிறுவனம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: நாளைக் காலை ஒருவர் “நான் ஊருக்குப் போகிறேன், இனி வரமாட்டேன்” என்று சொன்னால், அவர் கையில் எவ்வளவு பணம் வரும், எத்தனை நாளில் வரும், யார் தடுப்பார்கள்? இந்த மூன்றுக்கும் சூப்பர்வைசரும் தொழிலாளியும் ஒரே பதிலைச் சொன்னால் நிலைமை பரவாயில்லை.

சுமங்கலித் திட்டம்தான் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் பையர் தரப்பில் தொழிலாளர் நிலையைச் சோதிக்க வரும் ஆடிட்டர்கள் அதையே கேட்கிறார்கள்?

போர்டில் இருந்த பெயர் ஒழிந்தது. பணத்தைப் பிடித்து வைக்கும் முறை பல இடங்களில் வேறு பெயரில் ஓடுகிறது.

பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் ஹாஸ்டலில் தங்க வைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு என்று 30,000 முதல் 50,000 ரூபாய், சில இடங்களில் அதற்கு மேலும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னதுதான் அந்தத் திட்டம். அந்தத் தொகை மில் தரும் பரிசு அல்ல. மாதாமாதம் அந்தப் பெண் சம்பாதித்த கூலியின் ஒரு பகுதி. முப்பதாவது மாதம் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனால் அத்தனையும் போச்சு. “தண்டனை பற்றிய பயம்” என்று உடன்படிக்கை சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இன்று இது “மூன்றாண்டு வருகை ஊக்கத்தொகை”, “கல்வி உதவி”, “பயிற்சி நிறைவுத் தொகை” என்றெல்லாம் சம்பளச் சீட்டில் வருகிறது. சில மில்களில் சம்பளச் சீட்டிலேயே வராது. தனி நோட்டில் இருக்கும். எந்தப் பெயரானாலும், பாதியில் விலகுபவருக்கு அதுவரை சேர்ந்த பங்கு கிடைக்கிறதா என்று பாருங்கள். 36 மாதத்துக்கு 54,000 ரூபாய் என்றால் மாதம் 1,500. இருபதாவது மாதம் விலகும் பெண்ணுக்கு 30,000 சேர வேண்டும். அதைத் தர மனமில்லை என்றால் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு, மாதச் சம்பளத்தோடு 1,500 சேர்த்துக் கொடுங்கள்.

“அப்ரண்டிஸ்” என்ற பெயரையும் உடன் பார்க்க வேண்டும். மூன்று வருடம் ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கும் இயந்திரம்) சைடு ஓட்டும் பெண் பயிற்சியாளர் அல்ல. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 1981-லேயே சட்டம் இயற்றியது. ஒப்பந்தக் காலத்தை முறித்து முறித்துப் புதுப்பிப்பது எதற்காக என்பது ஆடிட்டருக்கும் தெரியும்.

வடமாநிலத் தொழிலாளர்களை அழைத்து வரும் ஏஜென்ட் அவர்களிடம் பணம் வாங்கினால் அது எங்கள் பொறுப்பா?

ஆம். கொள்கையில் அதிகம் வழுக்கும் இடமும் இதுதான்.

வேலைக்குச் சேர்வதற்கான கட்டணமும் செலவும் தொழிலாளி தலையில் விழக்கூடாது, வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலான பையர்கள் வைக்கும் நிபந்தனை. கமிஷன் மட்டுமல்ல, ரயில் செலவு, மருத்துவப் பரிசோதனை, வழியில் தங்கும் செலவு, பயிற்சி, சீருடை டெபாசிட் எல்லாம் இதில் சேரும். இந்தியச் சட்டத்திலும் இதற்கு அடி இருக்கிறது. வேலைக்கு முன் பயணச் செலவுக்காகக் கொடுத்த அட்வான்ஸைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே விதி இருந்தது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பல கணக்காளர்களுக்கு இது தெரியாது. “டிக்கெட் 900” என்று நோட்டில் எழுதி மாதம் 300 பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஏஜென்ட்டுக்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை என்றால், தொழிலாளி கொடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ பத்துக் கிராமம் அலைந்து ஆள் சேர்ப்பவர் சும்மா செய்யமாட்டார். தலைக்கு இவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வங்கி வழியாக நீங்களே கொடுங்கள். ஆள் ஒரு ஷிப்ட் வேலை செய்தால் சர்தாருக்கு (ஆட்களை அழைத்து வந்து மேய்க்கும் ஏஜென்ட்) இவ்வளவு ரூபாய் என்ற முறையைத் தவிருங்கள். அந்த முறையில் ஆள் லீவு எடுத்தால் சர்தாருக்கு நஷ்டம். காய்ச்சலில் படுத்தவரை எழுப்பி லைனுக்கு அனுப்புவதும், ஊருக்குப் போனவருக்குப் போன் போட்டு மிரட்டுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி: சேர்ந்த முதல் வாரத்திலும், 60-ஆவது நாளிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். யார் அழைத்து வந்தார், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கடன் வாங்கினீர்களா, வட்டி என்ன, என்ன சம்பளம் சொன்னார்கள், என்ன வருகிறது? முதல் வாரத்தில் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பதிலே வரும். அறுபது நாளில் உண்மை வெளியே வரத் தொடங்கும். ஒடியா, இந்தி, அஸ்ஸாமி பேசுபவர் கேட்க வேண்டும். அவர் அதே சர்தாரின் ஆளாக இருக்கக்கூடாது.

கொடுத்துவிட்ட கட்டணத்தை எப்படித் திருப்புவது? ரசீது ஏதும் இருக்காதே?

ரசீதை எதிர்பார்க்காதீர்கள், கமிஷன் வாங்குபவர் ரசீது தருவதில்லை. ஒரே ஊரிலிருந்து, ஒரே மாதத்தில், ஒரே ஏஜென்ட் வழியாக வந்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, சொல்லும் தொகைகளை ஒப்பிட்டு அந்தக் குழுவுக்கு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் கூடுதலான தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் சேர வேண்டும். பணம் போட்ட ஒரு மாதம் கழித்து மறுபடி பேசிப் பாருங்கள். ஏஜென்ட் அதில் பாதியைத் திரும்ப வாங்கிவிட்டிருப்பது வழக்கமாக நடப்பதுதான்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப் போடுபவர்களுக்கு மலேசியாவின் டாப் குளோவ் கையுறை நிறுவனத்தின் அனுபவம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் துணை நிறுவனங்களின் சரக்கை நிறுத்தியது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கட்டியிருந்த கட்டணத்துக்காகச் சுமார் 13.6 கோடி ரிங்கிட் திருப்பிக் கொடுத்தது அந்த நிறுவனம். 2021 செப்டம்பரில்தான் தடை விலகியது.

ஆதார் அசலைப் பாதுகாப்புக்காக ஆபீசில் வாங்கி வைக்கலாமா?

கூடாது. நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். அறையில் வைக்க இடமில்லை என்றால் சாவியோடு லாக்கர் கொடுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும். ஆதாரைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஏடிஎம் கார்டு. பத்துப் பேருடைய கார்டும் பின் நம்பரும் ஒரே சர்தாரின் பையில் இருக்கும்; கம்பெனி வங்கி வழியாகத்தான் சம்பளம் போட்டிருக்கும், ஆவணம் எல்லாம் சரியாக இருக்கும், பணம் மட்டும் தொழிலாளிக்குப் போயிருக்காது.

பெண் பிள்ளைகளை வெளியே விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? பெற்றோரே அனுப்ப வேண்டாம் என்கிறார்களே?

பெற்றோரின் கவலை உண்மைதான். ஆனால் 18 வயது முடிந்த பெண் எங்கே போகலாம் என்பதற்கு அப்பாவின் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வார்டனுடன் பஸ்ஸில் சந்தைக்கு அழைத்துப் போய்த் திரும்புவதை “சுதந்திரமான நடமாட்டம்” என்று எழுதி வைத்தால், ஆடிட் அறிக்கையில் அது நடமாட்டத் தடை என்றே பதிவாகும்.

பாதுகாப்புக்கும் அடைத்து வைப்பதற்கும் உள்ள கோடு கேட் ரிஜிஸ்டரில் தெரியும். வெளியே போன நேரம், வந்த நேரம், பெயர் மட்டும் இருந்தால் அது பதிவு. “அனுமதித்தவர்” என்று ஒரு கட்டமும், அதில் புரொடக்‌ஷன் மேனேஜர் கையெழுத்தும் இருந்தால் அது தடை. இரவு கேட் மூடும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக, முன்பே தெரிந்ததாக இருக்கட்டும். வார்டன் உற்பத்திப் பிரிவுக்குக் கீழே வரக்கூடாது. வந்தால், ஷிப்டுக்கு ஆள் குறையும்போது கதவைத் தட்டுவது அவர் வேலையாகிவிடும். கைபேசி அவரவரிடம் இருக்க வேண்டும். பெண்கள் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி பதிவும் இருக்க வேண்டும்.

அவசர வழிக் கதவின் சாவி எங்கே என்று இரவு இரண்டு மணிக்கு வாட்ச்மேனிடம் கேட்டுப் பாருங்கள். கராச்சியில் 2012 செப்டம்பரில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்தில் கம்பி போட்ட ஜன்னல்களும் திறக்காத கதவுகளுமே பலரைச் சிக்க வைத்தன. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வாங்கியிருந்தது.

ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது தொழிலாளிகளே கேட்டு வாங்குவது. அதுவும் கட்டாய உழைப்பா?

விரும்பிப் பார்த்து, இரட்டிப்புக் கூலியும் வாங்கினால் கட்டாய உழைப்பு அல்ல. நேர வரம்பைத் தாண்டியிருந்தால் அது வேறு மீறல். சிக்கல் இரண்டு இடத்தில் வரும். அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சக் கூலியைத் தொடாமல், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்தால்தான் தொடும் என்றால், மேலே சொன்ன 1982 தீர்ப்பு உங்கள் மேல் பாயும். இரண்டாவது, “இன்று நிற்காவிட்டால் நாளை வராதே” என்ற பேச்சு. புதிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கூடுதல் நேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதத்தை வேலைக்குச் சேரும் நாளில் வெற்றுத் தாளில் கையெழுத்தாக வாங்கி வைப்பதில் பயனில்லை, ஓ.டி. தாள் அன்றன்றைக்கு இருக்க வேண்டும், மறுத்தவர்களின் பெயரும் எங்காவது தென்பட வேண்டும். ஆறு மாத ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்று ரிஜிஸ்டர் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

ஓ.டி. தொகையைப் “புரொடக்‌ஷன் இன்சென்டிவ்” என்று காட்டும் இரட்டைக் கணக்கை ஆடிட்டர் மின்சார மீட்டரையும் டீ, டிபன் பில்லையும் வைத்தே பிடித்துவிடுவார்.

எந்த வெளிநாட்டுச் சட்டம் எங்களைத் தொடுகிறது?

நேரடியாகச் சரக்கை நிறுத்துவது அமெரிக்கா. 1930-ஆம் ஆண்டுச் சுங்க வரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவின்படி, கட்டாய உழைப்பால் ஆன பொருள் என்று நியாயமான ஐயம் வந்தாலே துறைமுகத்தில் நிற்கும். 2022 ஜூன் 21 முதல், சீனாவின் சின்ஜியாங் பகுதியின் பருத்தி ஓர் இழை கலந்திருந்தாலும் குற்றம் என்றே எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தை இறக்குமதியாளர் மேல் வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வரும். கம்பெனி பெரிதா சிறிதா என்ற வேறுபாடு அதில் இல்லை. பிரிட்டன் (2015), ஜெர்மனி (2023), கனடா (2024) சட்டங்கள் உங்கள் பையரை அறிக்கை தரவோ சங்கிலியைச் சோதிக்கவோ சொல்கின்றன. அவர் அதைக் கேள்வித்தாளாக உங்களுக்கு அனுப்புகிறார்.

பருத்தி எங்கிருந்து வந்தது என்று எப்படிக் காட்டுவது?

ஒரு ஸ்டைலை எடுத்துப் பின்னோக்கி நடங்கள்: ஆடை, துணி லாட், சாயப்பட்டறை டெலிவரி சலான், நிட்டிங், நூல் லாட், மில்லின் மிக்சிங் (பஞ்சு கலக்கும்) ரிஜிஸ்டர், பேல் (பஞ்சுப் பொதி) எண், ஜின்னிங் (விதை நீக்கும் ஆலை) பில். அறுபடுவது பெரும்பாலும் மிக்சிங்கில். நான்கு ஊர்ப் பேல் ஒரே லே-டவுனில் (ஒரு முறை கலக்க அடுக்கும் பேல் வரிசை) போயிருக்கும், நூல் பில்லில் ஒரே ஊர் பெயர் இருக்கும். அடுத்தது எடைக் கணக்கு. இந்தியப் பேல் 170 கிலோ. 100 பேல் வாங்கினால் 17,000 கிலோ பஞ்சு. புளோரூம் கழிவும் கோம்பர் நாயிலும் (பஞ்சைச் சுத்தம் செய்து சீவும்போது போகும் கழிவுகள்) போக நூல் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்த லாட்டிலிருந்து 20,000 கிலோ நூல் விற்றதாக ஆவணம் சொன்னால் வேறு பஞ்சு உள்ளே வந்திருக்கிறது. இறக்குமதி நூலும் துணியும் வாங்கினால் துர்க்மெனிஸ்தான் பருத்தியையும் கவனியுங்கள்; அமெரிக்கா 2018 முதல் அதைத் தடுக்கிறது.

கொள்கை வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

“எங்கள் நிறுவனம் எந்த வடிவிலும் கட்டாய உழைப்பை ஆதரிக்காது” என்று நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒட்டுவது எதற்கும் உதவாது. வாசகம் யார், என்ன, எத்தனை நாளில் என்று சொல்ல வேண்டும். இப்படி:

“இங்கு வேலைக்குச் சேர எந்தத் தொழிலாளியும் எந்தக் கட்டத்திலும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்திருந்தால், ரசீது இல்லாவிட்டாலும், தெரியவந்த 30 நாளுக்குள் நிறுவனம் அதை அவர் வங்கிக் கணக்கில் செலுத்தும். வேலையை விட்டு விலகுபவருக்கு எல்லாச் சம்பள பாக்கியும் இரண்டு வேலை நாளுக்குள் தரப்படும். பொறுப்பு: மனிதவள மேலாளர்.”

இரண்டு வேலை நாள் என்பது நாம் காட்டும் தாராளம் அல்ல, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்பின் விதி. தமிழிலும் தொழிலாளிகள் பேசும் மொழிகளிலும் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒலிப்பதிவாகவும் கொடுங்கள்.

ஆடிட் சான்றிதழ் இருக்கிறது. போதாதா?

ஆடிட் ஓரிரு நாள் நடக்கும். தேதி முன்பே தெரியும். பேச வேண்டியவர்களை மேனேஜர் தேர்ந்தெடுப்பார், பேட்டி கண்ணாடி அறையில் நடக்கும். அதில் நெருப்பு அணைப்பான் காலாவதி தேதி தெரியும், வட்டிக்கடன் தெரியாது. பேட்டிகளை ஹாஸ்டலுக்கும் ஆலைக்கும் வெளியே, விடுமுறை நாளில், ரிஜிஸ்டரிலிருந்து நீங்களே பொறுக்கிய பெயர்களோடு நடத்துங்கள். கடந்த மூன்று மாதத்தில் விலகியவர்களுக்குப் போன் செய்யுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இல்லை.

புகார்ப் பெட்டி எப்போதும் காலியாகவே இருக்கிறது. அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே?

சிசிடிவி கேமராவுக்குக் கீழே மாட்டிய பெட்டியில் யார் போடுவார்கள்? நம் பகுதியிலேயே வேறு மாதிரி ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடை ஆலையின் பெண் தொழிலாளி 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலை நிறுவனம், எச் அண்ட் எம் உள்ளிட்ட பிராண்டுகள் அதில் கட்டுப்பட்டன. சுமார் 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று தொழிலாளிகளில் இருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகாரைத் தீர்க்காவிட்டால் ஆர்டர் பாதிக்கும் என்ற நிபந்தனைதான் அதன் பல். அதே 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் ஆடைகளை நிறுத்த உத்தரவிட்டது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களைப் பார்த்துவிட்டு செப்டம்பரிலேயே விலக்கியது. டாப் குளோவுக்கு ஆன காலத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஜாப் ஒர்க் யூனிட்டில் நடப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கேட் பாஸ் புத்தகத்தில் இருக்கிறது. எம்பிராய்டரி, காஜா பட்டன், செக்கிங், பிசிறு வெட்டுவது என்று சரக்கு எங்கெல்லாம் வெளியே போகிறதோ அந்த முகவரிகளைப் பட்டியலிடுங்கள். பையரிடம் கொடுத்த பட்டியலைவிட அது நீளமாக இருக்கும்.

அடுத்து உங்கள் பணம் போகும் தேதியைப் பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். 90 நாள் இழுத்துவிட்டு, “சம்பளத்தை ஏன் பிடித்து வைத்தாய்” என்று யூனிட்காரரைக் கேட்க முடியாது. பையர்களுக்கும் இதே சொல் பொருந்தும்: கடைசி வாரத்தில் டிசைனை மாற்றி, டெலிவரித் தேதியை மாற்றாத பையர் கூடவே ஓ.டி. மீறல் பற்றி மின்னஞ்சல் அனுப்புவதை யாரும் மதிப்பதில்லை.

ஒரு யூனிட்டில் கொத்தடிமை நிலையே தெரியவந்தால்?

ஆர்டரை அன்றே ரத்து செய்யாதீர்கள். அந்த இரவே ஆட்களை ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள், சாட்சியும் போகும், அவர்களுக்கு வர வேண்டிய பணமும் போகும். முதலில் ஆட்களின் பாதுகாப்பையும் தங்கும் இடத்தையும் உறுதி செய்யுங்கள். ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் ஊருக்குப் போனவருக்கு அரசின் மறுவாழ்வு உதவி கிடைப்பது கடினம், அதனால் சான்றிதழ் கையில் வரும்வரை ஒருவர் கூடவே நிற்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் இருந்தால் 1098-ஐ அழையுங்கள். சம்பள பாக்கியை யூனிட் தர மறுத்தால் நீங்கள் கொடுத்துவிட்டு யூனிட்காரர் பில்லில் கழியுங்கள்.

30 பேர் வேலை செய்யும் பவர்டேபிள் (தையல்) யூனிட். தனி அதிகாரி வைக்க வசதியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இந்த வாரம் அட்வான்ஸ் நோட்டை எடுங்கள். யாருடைய பாக்கி மாதாமாதம் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது என்று பாருங்கள். இருந்தால் அதுதான் முதல் ஆபத்து. இனி ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் இல்லை, வட்டி இல்லை, விலகினால் மீதியைச் சொல்லி நிறுத்தி வைப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தம் எதற்கு என்று ஒவ்வொரு வரியும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மேலே உள்ள வாசகத்தை ஒரு பக்கத்தில் எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் உங்கள் பெயரையே போடுங்கள்.